அரை விரல் குறைவு

காட்டுக் காவல் படைக்கு ஆள் எடுத்தார்கள். "அரை விரல் குறையுது. வளர்ந்துட்டு வாம்மா!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தி, கரடி அதிகாரி கீரியை வெளியே அனுப்பியது.

கீரிக்கு மனசு ஆறவில்லை. யானை நீதிபதியிடம் வழக்குப் போட்டது.

"எருமைகளுக்கு அப்புறம் கடைசியாத்தான் என்னை அளந்தாங்க, ஐயா. அவங்க மிதிச்சதுல அளவுக் கம்பத்தடியில மண் பள்ளமாயிடுச்சு. நான் பள்ளத்துல நின்னேன்."

யானை நேரில் போய்ப் பார்த்தது. பள்ளத்தை நிரப்பி மறுபடி அளக்கச் சொன்னது.

சங்கடத்தோடு கரடி குனிந்து, "குதிகாலைக் கொஞ்சம் தூக்கிக்கோம்மா, நான் பார்க்கல" என்றது.

"வேண்டாங்க ஐயா. நல்லாப் பாருங்க."

கீரி குதிகாலை மண்ணில் அழுத்தி நின்றது. உச்சந்தலை கம்பத்தில் போட்டிருந்த அளவுக் கோட்டைத் தொட்டது.

"சரியா இருக்கு" என்று கரடி முணுமுணுத்தது.

"அன்னைக்குக் கத்தின மாதிரியே சொல்லுங்க ஐயா" என்றது கீரி.