ஏகமனதாக

“நீங்க எதுக்குண்ணே கையைத் தூக்குனீக?” என்று கேட்டார் சுருளி.

டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்கப்பன் யோசித்தார். “முன்னால இருந்த ஆளுக தூக்குனாக. நான் மட்டும் தொங்கப் போட்டுட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? அது சரி, நீ எதுக்குத் தூக்குன?”

“தீர்மானத்தை வாசிச்சதே நான்தானண்ணே. வாசிச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா?”

குச்சனூர்ப் பக்கத்துக் கூட்டுக் கிணற்றுச் சங்கத்துக்குச் சுருளி செயலாளர். ஆற்றோரக் கிணற்றிலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீரைத் திராட்சைத் தோட்டக்காரர்கள் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். அந்தக் கிணற்று மோட்டாருக்குப் போகிற செம்புக் கம்பியை, சங்கத் தலைவர் வீரபாண்டியின் மச்சினன் மொக்கச்சாமி உருவி விற்றுவிட்டான். கண்ணால் பார்த்த தோட்டக்காரி பிச்சையம்மாள் நேரே போலீசில் போய்ச் சொன்னாள்; கம்பி திரும்பி வந்தது. சங்கத்துச் சொத்தைக் காப்பாற்றியவளுக்குச் சங்கம் மாலை போட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் அவளுடைய தண்ணீர் முறையை நிறுத்தியது.

“சங்கத்துல சொல்லாம ஸ்டேசனுக்குப் போனது குத்தம்” என்று மொக்கச்சாமி கூட்டத்தில் எழுந்து சொன்னான். தலைவர் கை தூக்கினார். எல்லாக் கையும் எழுந்தது.

தடையை வாரா வாரம் கூட்டம் போட்டுப் புதுப்பிக்க வேண்டும் என்பது சங்க விதி. வாரா வாரம் புதுப்பித்தார்கள்.

சுருளியைக் குடைந்தது இதுதான். தனியாகப் பிடித்துக் கேட்டால் ஒருவர்கூட இதை நியாயம் என்று சொல்வதில்லை. வேண்டாம் என்கிற ஆட்களை மட்டும் ஒரு கொட்டகைக்குள் கூட்டினால், வேண்டும் என்று எப்படி வருகிறது? மிக்சியோ ரேடியோவோ, எது பழுதானாலும் கழற்றிப் பார்த்துவிடுகிற ஆள் அவர். இதை எங்கே கழற்றுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு கூட்டத்தில் கைகளை விட்டுவிட்டுக் கண்களைக் கவனித்தார். கொஞ்சம் பிடிபட்டது. முன்வரிசை தலைவரின் கையைப் பார்த்தது. நடுவரிசை முன்வரிசையைப் பார்த்தது. பின்வரிசை எதையும் பார்க்கவில்லை. முன்னால் தோள் அசைந்ததும் தூக்கிவிட்டது. சரி, வரிசைதான் கோளாறு என்று அடுத்த வாரம் வட்டமாக உட்கார வைத்தார். எல்லாரும் எல்லாரையும் பார்த்ததில் கைகள் இன்னும் வேகமாக எழுந்தன. பிறகு துண்டுச் சீட்டு கொடுத்துப் பார்த்தார். எழுதியவர்கள் மடிப்பதற்கு முன்னால் பக்கத்து ஆளிடம் நீட்டி, “மாமா, சரியா எழுதியிருக்கேனான்னு ஒரு தடவை பாத்துருங்க” என்றார்கள்.

காய் பருக்கும் பருவம். பிச்சையம்மாளின் பந்தலுக்குக் கீழே மண் வெடித்துக் கிடந்தது.

“ஆளாளுக்கு வந்து எம்மேல தப்பில்லைன்னு ஆறுதல் சொல்றீக. ஆறுதலைக் கொண்டுபோய்க் கொடிக்கு ஊத்தவா?” என்றாள் அவள். “இந்த வாரமும் தண்ணி வரலைன்னா காய் பூராம் சுருங்கிரும். பெறகு பந்தலைப் பிரிச்சுப் போட்டுட்டு மேகமலைக்குத் தேயிலை கிள்ளப் போக வேண்டியதுதான்.”

“இந்த வாரம் நான் கையைத் தூக்க மாட்டேன் ஆத்தா.”

“போன வாரமும் இதே எடத்துல நின்னுதான் சொன்ன.”

சுருளி கொடியைப் பார்ப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் தகரக் கொட்டகையில் கூட்டம். சுருளி தீர்மானத்தை வாசித்து முடித்தார். ‘ஆதரிப்பவர்கள்’ என்று வாயெடுக்கும்போது விளக்கு அணைந்தது. மின்வெட்டுக் காலம், யாரும் ஆச்சரியப்படவில்லை.

“கரண்டு ஆபீசுக்காரன் தன் ஓட்டைப் போட்டுட்டான்” என்றது ஒரு குரல்.

இருட்டில் கையைத் தூக்கி யார் எண்ணுவது? வேறு வழி தோன்றாமல் சுருளி சொன்னார்: “தண்ணியை நிறுத்தணும்கிறவுக கையைத் தட்டுங்க.”

ஒரே ஒரு ஆள் தட்டினான். துணைக்குத் தட்ட ஆளில்லை என்று தெரிந்ததும் தட்டல் பாதியில் நின்றது. அந்த இடத்திலிருந்து மொக்கச்சாமியின் இருமல் கேட்டது.

“விடணும்கிறவுக?”

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. உள்ளங்கை எரிந்தபோதுதான் தானும் தட்டியிருக்கிறோம் என்பது சுருளிக்கே தெரிந்தது.

“தடை தோத்துப்போச்சு. நாளைக்குக் காலையில பிச்சையம்மாளுக்குத் தண்ணி.”

“இருட்டுல எடுத்த ஓட்டு செல்லாது. லைட்டு வரட்டும், கையைத் தூக்கச் சொல்லுங்க” என்று கத்தினான் மொக்கச்சாமி.

“அப்படி எந்த விதியிலப்பா இருக்கு?”

“யார்றா அது?”

சிரிப்பு மட்டும் நாலு பக்கமும் கேட்டது. மொக்கச்சாமி வாசலைத் தேடி, யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு போனான்.

சுருளிக்கு வேறு கவலை. லைட்டு வந்தால்? மறுபடி கேட்டால் அத்தனை கையும் எழுந்துவிடும், தன்னுடையதும் சேர்த்து. மின்வெட்டு எவ்வளவு நேரம் தாங்கும் என்று தகர இடுக்கு வழியே வெளியே பார்த்தார். தெருவிளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் கரண்டு போகவில்லை. கொட்டகையில் ஃபியூஸ்தான் போயிருக்கிறது.

பழுது என்றால் சும்மா இருக்க மாட்டாத கால்கள் அவரை இழுத்துக்கொண்டு போயின. சுவரைத் தடவித் தடவி ஃபியூஸ் பெட்டியைத் தொட்டார். அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

“மாட்டிராதலே, மச்சினன் தெருவைத் தாண்டட்டும்” என்று கிசுகிசுத்தது தலைவர் வீரபாண்டியின் குரல். “வெளிச்சத்துல தூக்கலைன்னா எனக்கு வீட்டுல சோறு கிடையாது, இனிமே பீசைப் புடுங்கிட்டுத்தான் ஓட்டு எடுக்கணும்.”