தழும்பில்லாத கால்

அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன், இண்டியானாபோலிஸில் அந்தந்த அணியின் மருத்துவர்கள் எங்கள் மூட்டுகளைத் திருகிப் பார்க்கிறார்கள். மேசையில் விரித்த காகிதத்தின்மேல் லமாண்ட் படுத்திருக்கிறான். என்னைப் போலவே டைட் எண்ட் ஆட்டக்காரன், எதிராளியை முட்டித் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் வளர்த்த உடம்பு. அறுவைத் தழும்பு ஓடும் இடது முழங்காலை ஒவ்வொருவராக வந்து இழுக்கிறார்கள். "கழட்டி எடுத்துட்டுப் போயிடாதீங்க டாக்டர், நாளைக்கு ஓடணும்," என்கிறான். அறையே சிரிக்கிறது. காலையில் மாடிப்படியில் அவன் வலது காலைத்தான் தாங்கித் தாங்கி வைத்தான்; அது எனக்கு மட்டும் தெரியும். தேர்வில் அவன் சறுக்கினால் எனக்கு லாபம். ஆனாலும் அந்தக் காலிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன். கடைசியாக வந்த மருத்துவர் தழும்பைத் தொடவே இல்லை. "இதத்தான் எல்லாரும் பாத்தாச்சே தம்பி," என்று வலது முழங்காலைக் கையில் எடுக்கிறார். லமாண்டின் சிரிப்பு அப்படியே இருக்கிறது. அடியிலிருக்கும் காகிதம் மட்டும் அவன் கைக்குள் கசங்குகிறது.