காசு கூட

"வேனை நிறுத்திட்டாராம். திங்கள்ல இருந்து வர முடியாதுன்னு ஒரே வரி மெசேஜ். அவ்வளவுதான் மனுஷன்."

செல்வராஜ் போனில் ஸ்வர்ணாவிடம் பொரிந்து தள்ளினார். அவளுக்கும் அதே மெசேஜ் வந்திருந்தது.

தவராசா யாழ்ப்பாணத்துக்காரர். பிழைக்க வந்த இந்த நாட்டில், பாபகூராவில் இருந்து ஒனிஹங்காவுக்கு வேலைக்குப் போகிறவர். போகிற வழிதானே என்று தன் வேனில் இவர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்ரோலில் ஆளுக்கொரு பங்கு. வெள்ளிக்கிழமை இறங்கும்போது கியர் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு இறங்க வேண்டியது. அவர் அதை எண்ணிக்கூடப் பார்த்ததில்லை.

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியபோது செல்வராஜ்தான் பேச்சை எடுத்தார்.

"இப்படி ஏறுதே அண்ணே, நாங்க என்ன பண்ணணும்?"

தவராசா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ. எனக்குக் காசு கூடத் தர வேண்டாம்."

இரண்டு பேரும் நெகிழ்ந்துபோனார்கள். அந்த வெள்ளிக்கிழமையில் இருந்து டின்னில் யாரும் எதுவும் போடவில்லை. இலவசம் என்று காதில் விழுந்த பிறகு, சரியாகத்தான் கேட்டோமா என்று யார் திருப்பிக் கேட்கப் போகிறார்கள்?

டின் மட்டும் அங்கேயே இருந்தது. எடுத்து வைக்க மறந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டார்கள். செல்வராஜ் அதில் சூயிங்கம் பேப்பரைப் போட ஆரம்பித்தார். திங்கட்கிழமை பார்த்தால் டின் காலியாக இருக்கும்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. இப்போது இந்த மெசேஜ்.

"ஓசியில கூட்டிட்டுப் போறேன்னு பெருமையா சொல்ல வேண்டியது, அப்புறம் பாதியில கழட்டி விட வேண்டியது" என்றார் செல்வராஜ். "என் பாடு பரவாயில்ல, வீட்ல உக்காந்தே வேலை பாத்துக்குவேன். நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஸ்வர்ணாவின் பாடு திண்டாட்டம்தான். முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட். ரயிலில் போனால் நடுவில் இறங்கி மாற வேண்டும். முதல் வாரமே இரண்டு நாள் லேட். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டாள். விசாவே அந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. தினமும் ஸ்டேஷனில் குளிரில் நிற்கும்போது தவராசாவை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

ஒருநாள் ரயிலில் ஏறினால், ஜன்னலோரம் தவராசா.

பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். பக்கத்து சீட்டில் இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதில இருங்கோ தங்கச்சி. நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிற ஆள்."

உட்கார்ந்தாள். "என்ன அண்ணே, நீங்க ரயில்ல?" குரலில் கோபம் தெரிந்தது.

"வேனை வித்துப்போட்டன். பெற்றோல் அடிச்சுக் கட்டுப்படியாகேல்லை."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பிழைதான். உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன கஷ்டமோ தெரியாது. அதுக்குள்ள நானும் போய்ப் பெற்றோல் கதையைக் கதைக்க மனம் வரேல்லை. கொஞ்ச நாள் சமாளிச்சுப் பாத்தன், ஏலாமப் போச்சு. குறை நினைக்காதேங்கோ."

கஷ்டமா? எங்களுக்கா? ஸ்வர்ணாவுக்குப் புரியவில்லை. செல்வராஜ் போன மாதம்தான் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கினார்.

அடுத்த ஸ்டேஷனில் கதவு திறந்ததும் கூட்டம் முண்டியடித்து ஏறியது.

"இண்டைக்குச் சனம் கூட" என்றார் தவராசா.

வாக்கியம் முடியட்டும் என்று ஸ்வர்ணா காத்திருந்தாள். அவர் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனம் கூட... என்ன அண்ணே?"

"சனம் கூட எண்டு சொன்னன். நிறையச் சனம். நேற்று இவ்வளவு இல்லை."

ஸ்வர்ணா அந்த வார்த்தையை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். கூட என்றால் நிறைய. கூட என்றால் அதிகம்.

காசு கூடத் தர வேண்டாம். விலை ஏறினாலும் அதிகமாகத் தர வேண்டாம், பழைய பங்கே போதும் என்று சொல்லியிருக்கிறார் மனுஷன்.

டின் ஞாபகம் வந்தது. அவர் அதை மறக்கவே இல்லை. வாராவாரம் சூயிங்கம் பேப்பரைக் கொட்டிவிட்டு, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார்.

"அண்ணே, அன்னைக்குக் காசு கூடத் தர வேண்டாம்னு சொன்னீங்களே... நாங்க, காசே வேண்டாம்னு சொல்றீங்கன்னு..." அவமானத்தில் அழுகை வந்துவிட்டது.

தவராசாவுக்கும் அப்போதுதான் விளங்கியது.

ஸ்வர்ணா கைப்பையைத் திறந்து, இருந்த நோட்டையெல்லாம் அள்ளி நீட்டினாள். அவர் அதை அவள் பக்கமே தள்ளினார்.

"நீங்கள் கஷ்டத்தில இல்லை எண்டு கேட்டதே சந்தோசம், தங்கச்சி. எனக்குக் காசு கூடத் தர வேண்டாம்."

இந்தத் தடவை அதை அவர் ஸ்வர்ணாவின் ஊர்த் தமிழில் சொன்னார்.