பிணத்துக்கு ஏற்ற முகம்

"டிவியை அணைடி! அவ மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கை நீட்டினாள். மகள் ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ஊரே கொண்டாடின அழகும்மா அவங்க. பளபளன்னு ஆடிக்கிட்டிருந்தவங்க முதல் தடவையா அழுது நடிச்ச படமாம். நீகூட இதுல இருக்கியே!"

"இருக்கேன், பிணமா."

அப்போது அம்மா கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் துணை நடிகை. மகள் அவள் வயிற்றில் ஆறு மாதக் கரு. தெரிந்தால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிடுவார்கள். தொளதொள உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள்.

காரிலிருந்து இறங்கிய அந்த நடிகை, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவளைக் கூட்டத்துல நிறுத்தாதீங்க. களையே இல்லாத மூஞ்சி. செத்துப்போன அக்காவா படுக்கப் போடுங்க, அதுக்குத்தான் லாயக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் சாயங்காலம்வரை வெயிலில்; அம்மா மட்டும் மின்விசிறிக்கு அடியில் பிணம். அந்த விளக்குச் சூடும் பவுடர் வாசனையும் மறந்தாலும், அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. படம் வந்தபோதும் பார்க்கப் போகவில்லை.

"பெரிய நடிப்பு! ஒரே டேக்ல முடிக்கிறவன்னு பேரு. அன்னிக்கு அஞ்சு தடவை பாதியில வசனத்தை மறந்துட்டு நின்னா. டைரக்டர் கிழிகிழின்னு கிழிச்சார். நான் கண்ணை மூடிக்கிட்டே, நல்லா வேணும்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஷ்ஷ்... வந்துடுச்சும்மா!"

திரையில் கட்டில். அதில் கண்மூடிய அம்மா, சின்னப் பெண்ணாக. நடிகை தன் சால்வையை எடுத்து அக்காவின் வயிற்றுமேல் போர்த்தினாள்.

"என்னைத் தனியா விட்டுட்டியே அக்கா..."

பாதி வசனத்தில் சால்வை லேசாகத் துள்ளியது. அடுத்த நொடியே நடிகை அதன்மேல் விழுந்து, இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"யப்பா! என்னமா நடிக்கிறாங்க! இவங்களா அஞ்சு தடவை வசனத்தை மறந்தாங்க?"

அம்மாவின் கையிலிருந்த துணி மடியில் நழுவியது. தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அவங்க மறக்கலடி. அஞ்சு தடவையும் நீதான் உதைச்சே."