மந்தக் குடும்பம்

“பரம்பரையே மந்தம். எவ்வளவு சீராட்டினாலும் தேறாது” என்று பேராசிரியர் பொரிந்து தள்ளினார். மாணவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்லவேளை, அவர் கை நீட்டியது ஈ வளர்க்கும் பாட்டிலை நோக்கி.

“உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்” என்றார் அடுத்த நொடியே.

அந்த ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்கள் இரண்டு குடும்பமாக வளர்ந்தன. முட்டையிலிருந்து விறுவிறுவென்று ஈயாகி வருவது வேகக் குடும்பம். ஆடி அசைந்து வருவது மந்தக் குடும்பம். வேகம் என்பது ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிச் சொல்லியே பேராசிரியர் பதவி, பதக்கம் எல்லாம் வாங்கியிருந்தார்.

வளர்ப்புப் பெட்டியில் விளக்குக்கு நேர் கீழே மேல்தட்டு. அது வேகக் குடும்பத்துக்கு. பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அதுதான் முதலில் பட வேண்டுமாம். பக்கத்திலேயே அவருடைய டிபன் பாக்ஸ். விளக்கின் வெப்பத்தில் மத்தியானம் வரை சூடு ஆறாது. மந்தங்களுக்குக் கீழ்த்தட்டின் மூலை.

மாணவி ஆய்வேட்டை எழுதி முடித்து மாதக்கணக்காகிவிட்டது. வெளியூரில் நல்ல வேலை காத்திருந்தது. இவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“அந்த வேலைக்கு வேற ஆளை எடுத்துடுவாங்க சார். ஒரே ஒரு கையெழுத்து...”

“என்ன அவசரம்? அடுத்த தடவை இந்த மந்தம் முந்தட்டும், அப்பவே போடறேன்” என்று சிரித்தார். போனில் பேசிக்கொண்டே, வழக்கம்போல் பார்க்காமலே டிபன் பாக்ஸை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

புது முட்டைகள் ஈயாகும் நாள் வந்தது. மாணவி இரண்டு பாட்டில்களையும் அவர் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள். மந்தக் குடும்பம் பாட்டில் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. வேகக் குடும்பம் இன்னும் கூட்டுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

பேராசிரியர் பாட்டிலில் ஒட்டிய சீட்டைக் கண்ணாடி போட்டும் படித்தார், கழற்றியும் படித்தார். கத்தப்போகிறார் என்று அவள் பயந்தாள். அவரோ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“பரம்பரைக் குணமே புரண்டுடுச்சும்மா! உலகத்துல ஒருத்தனும் இதைப் பார்த்திருக்க மாட்டான். இப்பவே என் பேர்ல எழுதி அனுப்பறேன்!”

“கையெழுத்து சார்...”

“கொண்டா, கொண்டா! இன்னிக்கு எதை நீட்டினாலும் போடுவேன்.”

போட்டார், வழக்கத்தைவிடப் பெரிதாகவே. அவள் ஆய்வேட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். கதவு வரை போனவள், மனசு கேட்காமல் திரும்பினாள்.

“சார், இந்தத் தடவை உங்க டிபன் பாக்ஸ் பக்கத்துல மந்தத்தைத்தான் வெச்சிருந்தேன்.”