உப்புக்கு அசையாத எண்

"எழுபத்து மூணு" என்றாள் இங்வில்ட். கிண்ணத்தில் இருந்தது கேனிலிருந்து ஊற்றிய தண்ணீர்; அவள் இன்னும் எதையும் சேர்க்கவில்லை. அதன் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது, மேற்பரப்பின் இறுக்கத்தை அளக்கும் கருவியின் பிளாட்டினத் தகடு.

துறைத்தலைவர் ஒட்வார் குனிந்து பார்த்தார். "புத்தகத்துல எழுபத்திரண்டுதானே?"

"அழுக்கு இருந்தா குறையும். என்னோடது கூடியிருக்கு."

"சுத்தத்துக்கும் மேல சுத்தமா?"

"கழுவறது யாரு?" என்றாள். கிண்ணத்தில் பிசுக்கு ஒட்டிவிடும் என்று கைக்குக் கிரீமே தடவாத பெண் பெர்கன் நகரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். விரல்களில் இருந்த வெடிப்புகளைப் பார்க்க அவளுக்கு ரகசியமாய் ஒரு பெருமை.

அவள் ஆராய்வது ஃப்ளோரின் சோப்பு. தண்ணீரில் விட்டால் மேலே ஏறி உட்கார்ந்து மேற்பரப்பின் இறுக்கத்தைத் தளர்த்தும், எண் சரியும். உப்பு சேர்த்தால் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு ஏறும். எண் இன்னும் சரியும். எல்லோரும் அளந்து சலித்த விஷயம்.

இங்வில்டும் வருடக்கணக்காக அதையேதான் அளந்து, புதிதாக ஒன்றும் சொல்ல முடியாமல் இருந்தாள். இந்த வருடமும் அப்படியே போனால் அவளுடைய அறை, பக்கத்து அறை டூருனின் இறால் தொட்டிகளுக்குப் போய்விடும்.

சோப்பை விட்டாள். எண் மளமளவென்று சரிந்து நின்றது. உப்பைப் போட்டாள். அசையவில்லை. இன்னும் போட்டாள். அசையவே இல்லை.

ஒட்வார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவை செய்."

"நேத்து சாயங்காலத்துலேருந்து இதையேதான் செய்யறேன். உப்பைக்கூட மாத்திப் பாத்துட்டேன். கேன்ல பாதித் தண்ணி காலி."

"அப்ப இத்தனை நாளா அளந்தவங்க எல்லாம் முட்டாளா?"

"நான் சொல்லல. எண் சொல்லுது."

இந்த வாக்கியத்தைக் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தாள். அடக்கமாகத் தலையைச் சாய்ப்பது உட்பட. பத்திரிகைக்காரர்கள் வந்தால் நீல ஸ்வெட்டர் என்றும் முடிவாகியிருந்தது. 'ஆசைப்பட்டு அளக்காதீங்க' என்று மாணவர்களை விரட்டுகிறவள் இவள்தான் என்பது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் இனிப்பாகத்தான் இருந்தது.

"அறை உனக்குத்தான்" என்றார் ஒட்வார். "டூருன்கிட்ட நானே சொல்லிடறேன், பாவம்."

"மாநாட்டுக்காரங்களுக்கு எழுதிடவா?"

"இதுக்கு மேல எதுக்குக் காத்திருக்கணும்?"

எழுதித் தயாராய் வைத்திருந்ததை அனுப்பினாள். துறை முழுவதற்கும் பாதாம் கேக் சொல்லியாகிவிட்டது என்பதை மட்டும் ஒட்வாரிடம் சொல்லவில்லை.

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள் டூருன். முகம் வெளுத்திருந்தது. செய்தி அதற்குள் எட்டிவிட்டது போல, என்று இங்வில்ட் நினைத்தாள். ஜெயித்தவர்களுக்கு வருகிற தாராளம் அவளுக்கும் வந்தது.

"மனசைத் தளரவிடாத, டூருன். அடுத்த வருஷம் உனக்கு ஒரு வழி பண்ணலாம்."

"அடுத்த வருஷமா? என் இறால் அத்தனையும் செத்து மிதக்குது."

"ஐயோ, எப்படி?"

"தொட்டியில துளி உப்பில்ல. காலையில பழைய தண்ணியை எடுத்துட்டு கேனைத் தூக்கி அப்படியே ஊத்தினேன், நாக்குல வெச்சுக்கூடப் பாக்கல." டூருன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "தண்ணி பிடிக்கிற இடத்துலதான் கேன் மாறியிருக்கணும்."

ஒட்வார் மெல்ல இங்வில்டின் பக்கம் திரும்பினார். அவள் பாதி காலியாயிருந்த தன் கேனின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

டூருன் நெற்றியைத் தேய்த்தபடி கேட்டாள்:

"அப்போ நேத்து நான் கலக்கி வெச்ச கடல் தண்ணி எங்க போச்சு?"