ரூபிக்குத் தெரியக்கூடாத சொல்

ஒராங்குட்டான் ரூபி நினைப்பதை அதன் கழுத்துப்பட்டை ஆங்கிலத்தில் சொல்லும். பனானா, வாட்டர், பேபி என்று பெயர்களை மட்டும் கற்றுக்கொடுக்கலாம் என்பது பூங்காவின் சட்டம். செயலைக் குறிக்கும் சொற்கள் கூடவே கூடாது. பக்கத்துக் கூண்டுச் சிம்பன்சி எப்படியோ "ஓப்பன்" என்று கற்றுக்கொண்டு, நாளெல்லாம் அதையே சொல்லி, பார்க்க வந்த பிள்ளைகளை அழவைத்துவிட்டது.

ரூபியைப் பராமரிக்கும் தெரசம்மாவுக்கு அன்று கால் வீங்கியிருந்தது. பூங்கா மூடுகிற நேரத்தில் கூண்டுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ரூபி கம்பியருகே வந்து அவளையே பார்த்தது.

"தெரசா, கோ" என்றது பட்டை.

அந்தப் பக்கமாய்ப் போன மேற்பார்வையாளர் குணாளன் நின்றுவிட்டார். "போன்னு சொல்ல யாரும்மா கத்துக் குடுத்தது?"

"நான்தான் சார். சாயங்காலம் உள்ள வெரட்டுறப்போ கோ, கோன்னு சொல்லுவேன். வாய்ல அப்படியே வந்துருச்சு."

"அழிச்சிட்டுக் கெளம்புங்க. இனிமே பேசாம உள்ள அனுப்புங்க."

அவரோடு மல்லுக்கட்டத் தெரசம்மாவுக்குத் தெம்பில்லை. பட்டையிலிருந்து அந்தச் சொல்லை அழித்தாள்.

மறுநாள் மாலை உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள். ரூபி தானாகவே உள்ளே போனது. பூட்டிவிட்டு, கால்வலி தாங்காமல் அவள் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தாள். ரூபி பட்டையைத் தட்டிப் பார்த்தது. சத்தமில்லை. உள்ளறை ஜன்னல் கம்பி வழியே நீளக் கையை நீட்டி, பூங்காவின் வாசலைக் காட்டியது.

தெரசம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கை இன்னும் வாசலைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.